பம்பாய்ப் பஞ்சுப் பொதியும் அதைக் காவல் காத்த சட்டங்களும்

1863ஆம் ஆண்டு பம்பாய் மாகாணச் சட்டசபை ஒன்பது, பத்து என்ற அடுத்தடுத்த எண்களில் இரண்டு சட்டங்களை இயற்றியது. ஒன்பதாவது சட்டம் பஞ்சில் கலப்படம் செய்பவர்களைச் சிறைக்கு அனுப்புவதற்கானது. பத்தாவது சட்டமோ, பம்பாய் வங்கி எவ்வகைப் பிணையின் பேரில் கடன் கொடுக்கலாம் என்பதில் அதுவரை இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு விலை ஏறிய அதே பருவத்தில், ஒரே அரசு, பொதி கட்டுபவனின் கையை இறுக்கிப் பிடித்து, அந்தப் பொதியை வைத்துச் சூதாடிய பணத்தின் கடிவாளத்தை விட்டுவிட்டது. காலனி ஆட்சிக் காலப் பஞ்சு வணிகத்தில் மோசடி என்று எது கருதப்பட்டது, எது கருதப்படவில்லை என்பதை அறிய இந்த இரண்டு சட்டங்களையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

இந்தியப் பஞ்சில் அழுக்கு என்ற புகார் 1863இல் தோன்றியதல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி தானே பஞ்சை வாங்கிச் சீனாவுக்கும் இங்கிலாந்துக்கும் அனுப்பிக்கொண்டிருந்த நாட்களிலேயே அதன் வணிக அதிகாரிகள் இதைப் பற்றி எழுதினார்கள். 1829இல் பம்பாய் அரசு கொண்டுவந்த மூன்றாம் எண் ஒழுங்குவிதி, பஞ்சில் கலப்பதையும் பொதிக்குள் மறைத்துக் கட்டுவதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த விதி ஏட்டில் இருந்தும் புகார் குறையவில்லை. இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அழுக்குக்கு அரசின் கையும் ஒரு காரணம். குஜராத்தின் புரோச் (பரூச்) வட்டாரத்தில், நிலவரிக்கு ஈடு காட்டும் வரை விவசாயி தான் பறித்த பருத்தியைத் தன் விருப்பம்போல் எடுத்துச் செல்ல முடியாத ஒரு வழக்கம் நெடுங்காலம் இருந்தது. பருத்தி ஊர்க் குழிகளில் கொட்டிக் கிடக்கும். மண்ணும் சருகும் ஏறும், பனி இறங்கும். ஜான் பிரைட் தலைமையில் 1848இல் கூடிய பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் இந்திய விவசாயியின் வரிச்சுமையும் பஞ்சின் தரமும் ஒருசேர விவாதிக்கப்பட்டன. வரி வசூலிப்பவர் பருத்தியைக் குழியில் நிறுத்தி வைப்பார். அதே அரசின் நீதிபதி அது அழுக்கானதற்காக அபராதம் விதிப்பார்.

கலப்படம் எப்படி நடந்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். குஜராத்தில் விவசாயி கொட்டையோடு கூடிய பருத்தியை ஊர் வியாபாரியிடம் விற்பார். அவர் வக்காரியா எனப்படும் அரவைக்காரருக்கு விற்பார். வக்காரியா கொட்டை நீக்கிய பஞ்சை டோக்ரா என்னும் தளர்வான மூட்டையாகக் கட்டிப் படகிலோ வண்டியிலோ பம்பாய்க்கு அனுப்புவார். கொலாபாவில் காட்டன் கிரீன் என்ற திறந்தவெளியில் மூட்டை பிரியும். ஜைதா என்று அழைக்கப்பட்ட முற்றங்களில் பஞ்சைப் பரப்பி, வெவ்வேறு ஊர்ச் சரக்குகளை முக்காதம் என்ற மேஸ்திரியின் கண்காணிப்பில் கலந்து, பிரஸ்ஸில் இறுக்கி, அரைக்கண்டி எடையுள்ள பொதியாக்கிக் கப்பலேற்றுவார்கள். இந்தப் பாதையின் ஒவ்வொரு கட்டத்திலும் எடையைக் கூட்ட ஒரு வழி இருந்தது. அரவையில் கொட்டையை முழுதாக நீக்காமல் விடலாம். பஞ்சை இரவெல்லாம் பனியில் போட்டு வைக்கலாம், நேராகத் தண்ணீரையே தெளிக்கலாம். மண், சருகு, கல் சேர்க்கலாம். பொதியின் வெளிப்புறம் நல்ல பஞ்சை வைத்து உள்ளே மட்டமானதைத் திணிக்கலாம். எல்லாவற்றிலும் நயமானது, கண்ணுக்குத் தெரியாத கலப்பு. நீண்ட இழையுள்ள புரோச் பஞ்சில் குட்டை இழைப் பஞ்சையும், தார்வாரில் வேரூன்றிய அமெரிக்க ரகத்தில் உள்ளூர்க் கும்டா ரகத்தையும் சேர்த்துவிடுவார்கள். கலந்ததில் மண்ணும் இல்லை, கல்லும் இல்லை. அதைக் குற்றம் என்று நிரூபிக்க, பஞ்சை விரலால் இழுத்துப் பார்த்தே ஊர் சொல்லக்கூடிய ஆள் வேண்டும்.

இதன் கணக்கு எளிது. பம்பாய்க் கண்டி 784 ராத்தல், அதாவது பவுண்டு. நூற்றுக்கு ஐந்து பங்கு கலந்தால் 39 ராத்தல் கொட்டையும் மண்ணும் பஞ்சு விலைக்குப் போகும். போருக்கு முன் இங்கிலாந்தின் பஞ்சுத் துறைமுகமான லிவர்பூலில், பம்பாயிலிருந்து போன சூரத் பஞ்சு ராத்தல் நான்கைந்து பென்சுக்கு விற்றது. 1864இல் இருபது பென்சையும் தாண்டியது. அதே 39 ராத்தல் கலப்பின் ஆதாயம் நான்கு மடங்கானது. தண்டனைச் சட்டம் கடுமையாக்கப்பட்ட ஆண்டுகளில்தான் குற்றத்தின் கூலியும் உச்சத்தில் இருந்தது.

பிரிட்டிஷ் ஆலைகள் போருக்கு முன்பு தங்கள் பஞ்சில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை அமெரிக்காவிடமிருந்து பெற்றன. வடக்கு மாநிலங்களின் கடற்படை முற்றுகையால் அது நின்றபோது, மான்செஸ்டரை மையமாகக் கொண்ட இங்கிலாந்தின் பஞ்சாலை வட்டாரமான லங்காஷயர் சூரத் பஞ்சின் பக்கம் திரும்பியது, அதுவும் மனமில்லாமல். பம்பாயிலிருந்து வரும் எல்லாவற்றுக்கும் அங்கே சூரத் என்றே பெயர். இழை குட்டை, அழுக்கு அதிகம், நூல் அடிக்கடி அறும். துண்டுக்கூலிக்கு வேலை செய்த ஆலைத் தொழிலாளிக்கு நூல் அறுவது என்றால் கூலி அறுவது. மான்செஸ்டரின் கோபத்தில் நியாயம் இருந்தது. விசித்திரம் என்னவென்றால், வணிகத்தில் அரசு தலையிடவே கூடாது என்று உலகுக்கெல்லாம் உபதேசித்த அந்த நகரமே, 1857இல் தொடங்கிய தன் பஞ்சு வழங்கல் சங்கத்தின் வழியாக, இந்தியாவில் அரசு சாலை போட வேண்டும், வாய்க்கால் வெட்ட வேண்டும், ஒப்பந்தத்தை மீறும் விவசாயியைத் தண்டிக்க வேண்டும் என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. இந்தியாவுக்கான அமைச்சர் சார்லஸ் வுட் இதற்கு எளிதில் மசியவில்லை. நல்ல விலை கொடுத்தால் நல்ல பஞ்சு வரும் என்பது அவர் கட்சி. மான்செஸ்டர் கற்பித்த பாடத்தையே அவர் மான்செஸ்டருக்குத் திருப்பிச் சொன்னார். ஆனால் பம்பாயில், பார்ட்டில் ஃப்ரேர் ஆளுநராக இருந்த காலத்தில், மோசடியைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது.

1863ஆம் ஆண்டின் அந்த ஒன்பதாம் சட்டம் ஒரு தனித் துறையையே உருவாக்கியது. தலைமை ஆய்வாளர் ஒருவர், அவருக்குக் கீழ் பருத்தி மாவட்டங்களில் ஆய்வாளர்கள். அரவைக்கூடத்திலும் பிரஸ்ஸிலும் நுழைந்து பார்க்கவும், சந்தேகப்பட்ட பஞ்சைப் பிடித்து வைக்கவும், வழக்குத் தொடுக்கவும் அவர்களுக்கு அதிகாரம் இருந்தது. பிரஸ் நடத்த உரிமம் வேண்டும். குற்றம் நிரூபணமானால் சிறை, அபராதம், சரக்கு பறிமுதல். துறையின் செலவை ஏற்றுமதிப் பஞ்சின் மீது விதித்த கட்டணம் தாங்கியது. அதாவது நல்ல பஞ்சும் கெட்ட பஞ்சும் ஒரே அளவில் காவல்காரனுக்குச் சம்பளம் கொடுத்தன.

இந்த ஏற்பாட்டின் குறை ஆய்வாளர்களின் நேர்மையையோ திறமையையோ மட்டும் பொறுத்ததல்ல. ஆட்கள் குறைவாகவும் அரவைக்கூடங்கள் மிகுதியாகவும் இருந்தன என்பது உண்மைதான், அந்த நிலையில் கையூட்டு என்ற பேச்சு எழுவதும் இயல்புதான். அடிப்படைச் சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பொதி லங்காஷயரில் பிரிக்கப்படும்போது அது ஐந்தாறு கை மாறி வந்திருக்கும். கொட்டையைச் சேர்த்தது யார், தண்ணீர் தெளித்தது யார், ரகத்தைக் கலந்தது யார் என்று பொதி சொல்லாது. பம்பாய் பிரஸ்ஸில் ஓர் அடையாளம் குத்தினாலும் அது கடைசியாகக் கட்டியவரைக் காட்டுமே தவிர, கலப்பு நடந்த ஊரைக் காட்டாது. ஆகவே ஆய்வாளர் கண்ணில் பட்டவர் எவரோ அவரே குற்றவாளி ஆனார். பெரும்பாலும் அவர் சங்கிலியின் கீழ்முனையில் இருந்த சிறு அரவைக்காரராகவோ ஊர் வியாபாரியாகவோ இருந்ததில் வியப்பில்லை. கொலாபா முற்றத்தில் பட்டப்பகலில் நடந்த கலப்பு வணிகத்தின் வழக்கமாகவே கருதப்பட்டது.

எல்லைக்கோடும் ஒரு தொல்லை. குஜராத்தில் பிரிட்டிஷ் கிராமமும் பரோடா சமஸ்தானத்துக் கிராமமும் அடுத்தடுத்து கிடந்தன. தோலேரா பஞ்சு விளைந்த காத்தியவாரின் பெரும்பகுதி சமஸ்தானங்களுக்கு உட்பட்டது. பம்பாய்ச் சட்டம் அங்கே செல்லாது. ஆய்வாளர் வருகிறார் என்றால் வண்டியை ஓர் ஊர் தள்ளி நிறுத்தினால் போதும்.

மேலும், மோசடிக்கு உள்ளானவர்கள் என்று கருதப்பட்ட ஏற்றுமதியாளர்கள் எல்லோரும் உண்மையில் ஏமாந்தவர்களா என்ற கேள்வியும் உண்டு. லிவர்பூல் ஒப்பந்தங்கள் ஃபேர், குட் ஃபேர் என்ற தரப் படிகளின் பேரில் எழுதப்பட்டன. ஒப்பந்தம் கேட்கும் படி எதுவோ அதற்கு ஒரு நூலளவு மேலே சரக்கு நின்றால் போதும். அதற்கு மேல் சுத்தமாகக் கொடுத்தால் வியாபாரிக்கு நஷ்டம். நல்ல பஞ்சு கையில் இருந்தால் அதை மட்டமானதோடு கலந்து அந்தப் படிக்கு இறக்குவதே லாபம். தரப் படி என்பது கீழ்வரம்பு மட்டுமன்று, நடைமுறையில் மேல்வரம்பும் அதுவே. இந்த இறக்கம் விலையாக மாறிச் சங்கிலி வழியே கீழே வந்து, கடைசியில் விவசாயியிடம் ஒரே விலையாக நிற்கிறது. அவர் பருத்தியைத் தூசி தட்டிப் பறித்தாலும் சருகோடு பறித்தாலும் ஊர் வியாபாரி கொடுப்பது ஒன்றே. சுத்தமாகப் பறிக்க இரட்டைக் கூலி கொடுத்த விவசாயியை முட்டாள் என்றுதான் அக்கம்பக்கத்தார் சொல்லியிருப்பார்கள். காலனி ஆட்சி அதிகாரிகளின் குறிப்புகளில் அடிக்கடி வரும் இந்தியரின் நேர்மையின்மை என்ற விளக்கத்தை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். கணக்குப் பார்க்கத் தெரிந்த எவரும் அந்த விலையமைப்புக்குள் அப்படித்தான் நடந்துகொண்டிருப்பார்.

இனி அந்தப் பத்தாம் சட்டம். போர்க்கால விலையேற்றத்தால் பம்பாய்க்குள் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பல கோடி பவுன் வந்து சேர்ந்தது. அந்தப் பணம் கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிலமீட்புக் கம்பெனிகளிலும், நிதிக் கழகங்களிலும், பெயரைத் தவிர வேறொன்றும் இல்லாத பங்குகளிலும் பாய்ந்தது. பேக் பே நிலமீட்புக் கம்பெனியின் பங்கு முகமதிப்பைப் போலப் பல மடங்கு விலைக்குக் கைமாறியது. பஞ்சு வணிகரும் பங்குத் தரகருமான பிரேம்சந்த் ராய்சந்த் நகரத்தின் எழுதப்படாத நிதியமைச்சராக இருந்தார். 1840இல் தொடங்கிய பம்பாய் வங்கியில் அரசே பங்குதாரர். இயக்குநர் சிலரை அரசே நியமித்தது. பழைய சாசனம், பங்குகளைப் பிணையாக வைத்துக் கடன் கொடுப்பதைக் கட்டுப்படுத்தியிருந்தது. புதிய சட்டம் அந்தக் கதவைத் திறந்தது. 1865 ஏப்ரலில் தென் மாநிலங்களின் படைத்தலைவர் லீ சரணடைந்த செய்தி வந்ததும் பஞ்சு விழுந்தது, பங்குகள் விழுந்தன. முன்பேர ஒப்பந்தங்கள் தீர வேண்டிய ஜூலை முதல் தேதி பம்பாயின் கறுப்பு நாளானது. வங்கி தன் முதலின் பெரும்பகுதியை இழந்து 1868இல் மூடப்பட்டது. சர் சார்லஸ் ஜாக்சன் தலைமையிலான விசாரணைக் குழு, வீழ்ச்சிக்கான காரணங்களில் அந்தச் சட்டத்தையும் இயக்குநர்களின் அலட்சியத்தையும் சேர்த்தே சொன்னது. அரசு நியமித்த இயக்குநர்கள் உட்கார்ந்திருந்த மேசையிலேயே இது நடந்தது. ஆயினும் பஞ்சு மோசடி என்ற சொற்றொடர் அரசின் ஏடுகளில் அரவைக்கூடத்துக் கொட்டையையும் மண்ணையும்தான் குறித்தது.

போர் முடிந்த பிறகு பஞ்சின் தரத்தில் மாற்றம் வந்தது. அது ஆய்வாளர்களால் மட்டும் வந்ததாகச் சொல்ல முடியாது. 1867இல் ரயில்பாதை நாக்பூரை எட்டியது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1870இல் கடலடித் தந்தி பம்பாயை இங்கிலாந்தோடு இணைத்தது. ரல்லி, வோல்கார்ட் போன்ற ஐரோப்பிய நிறுவனங்கள் கொலாபாவில் காத்திராமல் காம்காவ், அமராவதி போன்ற உள்நாட்டுச் சந்தைகளுக்கே தங்கள் ஆட்களை அனுப்பின. அங்கேயே நீராவி பிரஸ் வைத்துப் பொதியை இறுக்கிக் கட்டி நேராகக் கப்பலுக்கு அனுப்பினால் நடுவில் பிரிப்பதற்கு இடமில்லை. மத்திய மாகாணத்திலும், இன்றைய மகாராஷ்டிரத்தின் விதர்ப்பப் பகுதியில் உள்ள பேராரிலும் பஞ்சு ஆணையராக இருந்த ரிவெட் கார்னக்கின் நாட்டம், வாங்குபவரை விளைவிக்கும் இடத்துக்குக் கொண்டுவருவதில் இருந்தது. பம்பாய் மாகாணத்தையும் மத்திய மாகாணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள், தண்டனைச் சட்டத்தைவிட ரயில் நிலையம் பயன்பட்டது என்று நினைத்ததில் தவறில்லை. பம்பாய் வணிகர்களுக்குள்ளும் சட்டத்தின் மீது வெறுப்பு வளர்ந்தது. 1870களின் நடுவில் ஒரு குழு அதன் நடைமுறையை ஆராய்ந்தது. 1878இல் திருத்திய வடிவில் ஒரு புதிய சட்டம் வந்தது. 1880களின் தொடக்கத்தில் அதுவும் நீக்கப்பட்டு, துறையும் கலைந்தது.

ரயில் தீர்த்த நோயை ரயிலே திரும்பக் கொண்டுவந்தது என்பது அடுத்த கதை. ஓர் ஊர்ப் பஞ்சுக்கு நல்ல பெயர் இருந்தால், வேறு ஊரின் மலிவான குட்டை இழைப் பருத்தியை ரயிலில் ஏற்றி அந்த ஊருக்குக் கொண்டுபோய், அங்கேயே அரைத்து, அங்கேயே பொதி கட்டி, அந்த ஊர்ப் பெயரில் விற்கலாம். சூரத், நவ்சாரி வட்டாரத்தின் நீண்ட இழைப் பஞ்சு இப்படிப் பெயரிழந்தது. 1917இல் ஜேம்ஸ் மெக்கென்னா தலைமையில் அமைந்த இந்தியப் பஞ்சுக் குழு இதை விரிவாக ஆராய்ந்தது. அதன் விளைவாக 1921இல் இந்திய மத்தியப் பஞ்சுக் குழு உருவானது. 1923இல் பஞ்சுப் போக்குவரத்துச் சட்டமும் 1925இல் அரவை, பிரஸ் ஆலைகளுக்கான சட்டமும் வந்தன.

இந்த இரண்டும் பழைய சட்டத்திலிருந்து வேறுபட்ட அறிவோடு எழுதப்பட்டவை. போக்குவரத்துச் சட்டம் எவருடைய உள்நோக்கத்தையும் நிரூபிக்கச் சொல்லவில்லை. பாதுகாக்கப்பட்ட வட்டாரம் என்று அறிவித்த இடத்துக்குள் வெளியூர்ப் பஞ்சை உரிமமின்றிக் கொண்டுவரக் கூடாது, அவ்வளவுதான். அந்தக் காவலை ரயில் நிலையத்தின் சரக்கு எழுத்தரே செய்துவிடலாம். சமஸ்தானங்களும் இணையாக விதி செய்தாக வேண்டும் என்ற சிக்கலும் இம்முறை முன்கூட்டியே உணரப்பட்டது. 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிரஸ்ஸிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு பொதியிலும் அந்த பிரஸ்ஸின் குறியும் வரிசை எண்ணும் இருக்க வேண்டும். யாருடைய பருத்தி எப்போது அரைக்கப்பட்டது, யாருக்காக எந்தப் பொதி கட்டப்பட்டது என்று பதிவேடு வைக்க வேண்டும். கொலாபாவில் பிரித்துக் கட்டிய காலத்தில் பயனற்றுப் போயிருக்கக்கூடிய இந்தக் குறி, ஊரிலேயே இறுதிப் பொதி கட்டப்பட்ட காலத்தில் பொருளுள்ளதானது. லிவர்பூலிலோ ஒசாகாவிலோ பிரித்தவர், கல் கிடைத்தால் எந்த பிரஸ்ஸைக் கேட்பது என்று அறிந்தார்.

சென்னை மாகாணத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. திருநெல்வேலி, ராமநாதபுரம் கரிசல் காட்டில் விளைந்த கருங்கண்ணி, தூத்துக்குடி வழியாகத் தின்னவேலி என்ற பெயரில் ஏற்றுமதியாகி நல்ல மதிப்புப் பெற்றிருந்தது. அந்தப் பெயருக்குள் நுழைந்தது புலிச்சை என்ற ரகம். குட்டையும் முரடுமான இழை, ஆனால் அரைத்தால் பஞ்சு அதிகம் விழும். கருங்கண்ணியோடு கலந்துவிட்டால் விலை கருங்கண்ணிக்குரியது, எடை புலிச்சைக்குரியது. வேளாண்மைத் துறை பல ஆண்டுகள் அறிவுரை சொல்லிப் பார்த்தது. முடிவில் 1932இல் சென்னைப் பஞ்சுக் கட்டுப்பாட்டுச் சட்டம், குறித்த வட்டாரங்களில் புலிச்சையைப் பயிரிடுவதையும் கலப்பதையும் தடை செய்தது. இது முந்தைய எல்லாச் சட்டங்களையும்விட ஒரு படி மேலே போனது. கலப்பவரைப் பிடிக்க முடியாதபோது கலக்கப்படும் பொருளை வயலிலேயே இல்லாமல் செய்வது என்ற முடிவு அது. நடைமுறையில் பயன் தரக்கூடியதே. ஆனால் அரவையில் அதிகம் விழும் ரகத்தை விதைத்த மானாவாரி விவசாயி, வியாபாரி செய்த கலப்புக்காகத் தன் விதையைக் கைவிட வேண்டியிருந்தது என்பதையும் மறக்கலாகாது.

விவசாயியை மோசடி செய்பவராக அன்றி மோசடிக்கு உள்ளாகிறவராகப் பார்க்கும் சட்டங்கள் இன்னொரு வரிசையில் வந்தன. பேராரில் 1897ஆம் ஆண்டு விதிகள் பஞ்சுச் சந்தைக்குத் தரகர் உரிமத்தையும் எடை மேற்பார்வையையும் கொண்டுவந்தன. துணிக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவது, சாம்பிள் என்று கை நிறைய அள்ளிக்கொள்வது, தரகு, மகமை, எடைக்கழிவு என்று பெயர் பெயராகப் பிடிப்பது ஆகியவை நாடெங்கும் இருந்த வழக்கங்கள். 1928இல் வேளாண்மைக்கான அரச ஆணையம் ஒழுங்குபடுத்திய சந்தைகளைப் பரிந்துரைத்தது. சென்னை மாகாணம் 1933இல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டத்தை இயற்ற, அதன்படி திருப்பூரில் 1936இல் பஞ்சுக்கு ஒழுங்குமுறைச் சந்தை ஏற்பட்டது. சந்தைக் குழுவில் வியாபாரிகளோடு பயிரிடுவோரின் பிரதிநிதிகளுக்கும் இடம் இருந்தது. தராசு வெளிப்படையாக இருந்தது. பிடித்தங்கள் எவை என்பது எழுதி வைக்கப்பட்டது. எனினும் விதைப்புக் காலத்திலேயே வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய விவசாயி, அறுவடையை அவர் சொன்ன விலைக்கு ஊரிலேயே அளந்து கொடுத்தார். அவருடைய பருத்தி திருப்பூர்ச் சந்தைக்கு வந்தபோது அதை விற்றவர் அந்த வியாபாரி.